குழாய் மிச்சம்

கான்கிரீட் பம்பு ஓட்டத் தெரியுமா என்று கேட்டபோது, தெரியும் என்றேன். அதுவரை நான் ஓட்டியிருந்ததெல்லாம் தூத்துக்குடியில் மீன்பிடி வள்ளத்தின் டீசல் இன்ஜின். அதிலும் பாதி நாள் அதுதான் என்னை ஓட்டியது. ஆனால் கேட்டவர் காண்டிராக்டர், கேட்ட இடம் போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் ஒரு டீக்கடை, டீ அவருடையது. ஒரு மனுஷன் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு ஆசையாக ஒன்று கேட்கும்போது தெரியாது என்று எப்படிச் சொல்வது? இதுதான் என் வியாதி. என் வாயில் 'சரி' எப்போதும் தயாராக இருக்கும். 'முடியாது' என்பதை நான் தேடி எடுப்பதற்குள் எதிரே நிற்பவர் சந்தோஷப்பட்டுப் போயிருப்பார்.

அந்த ஒரு 'தெரியும்' என்னையும் என் மனைவி அமுதத்தையும் நிக்கோபாரில் இருக்கிற கட்சால் தீவில் கொண்டுபோய் இறக்கியது. எழுபத்தாறாம் வருஷம். அங்கே ரப்பர் தோட்டத்தில் சிலோனிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்களைக் குடியமர்த்தியிருந்தார்கள். கப்பல் தூரக் கடலில் நிற்கும். ஆளும் அரிசி மூட்டையும் சின்னப் படகில் ஏறி வந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரையேற வேண்டும். அதற்காக ஒரு ஜெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். தமாஷ் என்னவென்றால், பம்பு வருவதற்குப் பத்து மாதம் முன்பே பம்பு ஓட்டுகிறவன் வந்து சேர்ந்துவிட்டேன். மிக்சருக்கு எண்ணெய் போட்டேன், கம்பி வளைத்தேன், இல்லாத பம்பைப் பற்றி எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன். கடைசியில் பம்பு கப்பலில் வந்து இறங்கியபோது, அதைப் பார்த்து அதிகம் ஆச்சரியப்பட்டவன் நான்தான்.

நல்லவேளை, கஷ்டமான யந்திரம் இல்லை. கரையில் மிக்சர் கலவையைத் தொட்டியில் கொட்டும். பம்பு அதை நாலு அங்குலக் குழாய்க்குள் பிடித்துத் தள்ளும். பத்தடிக் குழாய்களை ஒன்றோடொன்று பூட்டி ஜெட்டி மேலேயே நீளக் கொண்டுபோயிருந்தோம். மறுமுனையில் கலவை பிதுங்கி வந்து விழும். வேலை முடிந்ததும் குழாய் நிறையக் கலவை நிற்கும் இல்லையா, அதை வெளியே தள்ள மெயின்லேண்டில் ரப்பர்ப் பந்து வைத்திருக்கிறார்களாம். எங்களிடம் சாக்கைத் தேங்காய் நாரோடு சுருட்டிக் கட்டிய உருண்டை. அதை ஜெட்டிப் பக்கத்து முனையில் திணித்துப் பின்னாலிருந்து கடல் தண்ணீரை அடித்தால், உள்ளே நின்றதெல்லாம் கரைப்பக்கத்தில் பம்பிலிருந்து கழற்றிய முனையில் வந்து கொட்டும்.

அதற்குக் குழாய் மிச்சம் என்று பெயர். அது ஜெட்டிக்கும் சேராது, சர்க்காருக்கும் சேராது. சிமெண்டு மூட்டை ஒவ்வொன்றுக்கும் ஸ்டோரில் பூட்டு, ஆள், பதிவு. ஆனால் தண்ணீர் கலந்து குழாய்க்குள் போய் வந்ததை யார் கேட்பது? சைட்டில் எழுதாத சட்டம், குழாய் மிச்சம் பம்புக்காரன் சொல்லுகிற ஆளுக்கு. வெளியில் ஒரு மூட்டை சிமெண்டு பார்க்க முடியாத அந்தத் தீவில் என்னை ஒரு பெரிய மனுஷனாக ஆக்கியது அந்தச் சட்டம் ஒன்றுதான். இரண்டு தடவை தளம் போட்டோம். முதல் மிச்சம் சொக்கலிங்கத்தின் டீக்கடைக்குத் தரையானது. இரண்டாவது, தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்துக்கு வாசற்படியானது.

மூன்றாவதுதான் கடைசி. ஜெட்டியின் முனை. படகுகள் வந்து முட்டுகிற இடம் என்பதால் அங்கே மட்டும் கலவையில் கம்பித் துண்டுகள் சேர்க்க வேண்டும் என்று எங்கள் ஜூனியர் இன்ஜினியர், ஜே.இ.க்கு மேலே யாரோ எழுதியிருந்தார்கள். விரிசல் விட்டாலும் கம்பி பிடித்துக்கொள்ளுமாம், பிரிந்து விழாதாம். ஜே.இ. வங்காளத்து மனுஷர், நல்ல படிப்பு. தோட்டத்திலிருந்து எட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்து, மெல்லிய கம்பியை இரண்டங்குலம் இரண்டங்குலமாக மூன்று வாரம் வெட்டினார்கள். அவர்களுக்குத் தலைவி சந்திரமதி. வெட்டிய கையெல்லாம் கீறல், வாயெல்லாம் கேலி.

அந்தச் சந்திரமதி ஒருநாள் கம்பிக் குவியலுக்கு மேலாக என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எங்க லயத்து வீட்டுக் குழாயடியில ஒரே சேறுண்ணே. போன கெழம ஒரு கெழவி வழுக்கி விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டா. அந்த மிச்சத்தக் குடுத்தீங்கன்னா ஒரு மேடை போட்டுக்குவோம்."

"சரி தாயி."

மறுநாள் சூப்பர்வைசர் ஜம்புலிங்கம், மதுரைப் பக்கத்துக்காரர், என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"லூர்து, அந்தப் புங்க மரத்தடியில நம்ம பிள்ளையாரு வெறுந்தரையில உக்காந்திருக்காருய்யா. போறதுக்குள்ள ஒரு பீடம் கட்டிட்டுப் போயிருவோம். நீ வேதக்காரன்னு பாக்காத."

"பாக்கலீங்க. சரி."

ஆக, இருபது குழாயில் நிற்கும் மிச்சம் இரண்டு பேருக்குச் சரியாகப் போயிற்று. மனசுக்குள் கணக்குப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். கர்ணன் கணக்கெல்லாம் பார்த்திருக்க மாட்டான்.

தளம் போடுவதற்கு முந்தின நாள் காலை. அமுதம் அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு அந்தக் குழாய் மிச்சத்த யாருக்குக் குடுக்கப் போறிய?"

"ஏன், உனக்கு ஒரு அம்மி போட்டுத் தரட்டா? கப்பல்ல தூக்கிட்டுப் போவம்."

அவள் சிரிக்கவில்லை. அடுப்பைவிட்டுத் திரும்பவுமில்லை.

"புள்ளைக்கு ஒரு மூடி வேணும்," என்றாள்.

அதைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. முந்தின மழைக்காலத்தில் எங்களுக்கு அந்தத் தீவில் ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பத்தொன்பது நாள் இருந்தது. காய்ச்சல் கண்டபோது கடல் கொந்தளிப்பு, கப்பல் வர எட்டு நாள் இருந்தது. காய்ச்சல் கண்ட நாலாம் நாளே பிள்ளை போய்விட்டது. சாமியார் இல்லை. போவதற்கு முன் நானே ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி சகாயசெல்வி என்று பெயர் வைத்தேன். நிக்கோபாரிக் கிராமத்துத் தலைவர், கேப்டன் என்பார்கள், பெரிய மனசோடு கடற்கரைத் தாழம்புதருக்கு மேலே ஒரு இடம் காட்டினார். அங்கே வைத்தோம்.

ஊர்ப் பன்றிகள் அந்தப் பக்கம் மேயும். அவற்றைக் குறை சொல்ல முடியாது, தீவு அவற்றுடையது, நாங்கள்தான் வந்தவர்கள். இளகின மண்ணைக் கண்டால் முட்டிக் கிளறும். நான் பவழக்கல் பொறுக்கி அடுக்கினேன். அவை மூக்கால் தள்ளிவிட்டுப் போகும். ஏழு மாதமாக அமுதம் தினம் சாயங்காலம் போய், சரிந்த கல்லை மறுபடி அடுக்கிவிட்டு வருவாள். ஒருநாள்கூடத் தவறியதில்லை. நாளை மறுநாள் கப்பலில் பம்பு போர்ட் பிளேருக்குத் திரும்புகிறது. பம்போடு நாங்களும். அதற்கப்புறம் அங்கே கல் அடுக்க யாரும் இல்லை.

"சரி," என்றேன்.

இது மூன்றாவது 'சரி'. சந்திரமதியிடம் போய், தாயி, மேடை கிடையாது என்று சொல்லியிருக்கலாம். ஜம்புலிங்கத்திடம், பிள்ளையார் இன்னும் கொஞ்ச நாள் தரையில் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். எனக்குத்தான் வாய் வராது. அன்று பகல் முழுவதும் யோசித்து, மிகவும் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். குழாய் நீளமானால் மிச்சமும் அதிகமாகும்!

விடிந்ததும் யாரும் வருவதற்கு முன்னால் ஸ்டோரில் சும்மா கிடந்த இரண்டு குழாய்களை எடுத்தேன். நேராக ஜெட்டிக்குப் போகிற வரிசையைப் பம்பிலிருந்து ஐந்து குழாய் தள்ளிப் பிரித்து, அங்கே நின்ற தென்னையைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி சேர்த்தேன். சுற்றிப் போக வேண்டுமென்றால் வளைவு வேண்டும். இரண்டு வளைவுக் குழாய் போட்டேன். பிள்ளையின் பங்கு அந்த இரண்டு குழாயில் இருந்தது.

ஜம்புலிங்கம் வந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏய்யா, நேராப் போன குழாய எதுக்குத் தென்னமரத்தப் பிரதட்சிணம் பண்ண விட்டிருக்க?"

"பம்பு ஆடுதுங்க. கொஞ்சம் பிடிமானத்துக்கு."

"நீ என்னமோ படிச்சவன் மாதிரியே பேசுற," என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் பம்பைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் இல்லை.

ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். பெண்கள் மிக்சர் வாயில் நின்று, சல்லடையில் கம்பித் துண்டுகளை வைத்துத் தட்டித் தட்டித் தூவினார்கள். மொத்தமாகப் போட்டால் கம்பி ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகிவிடும். சந்திரமதி அதில் கறார். "ஏ புள்ள, மீனுக்கு உப்புப் போடுற மாதிரிப் போடு, மாட்டுக்குப் புல்லுப் போடுற மாதிரிப் போடாத!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். கம்பி சேர்ந்த கலவை சாதாரணக் கலவை போலச் சளசளவென்று போகவில்லை. மாமியார் வீட்டுக்கு மனசில்லாமல் போகிற மாப்பிள்ளை மாதிரி மெதுவாக, முறுக்கிக்கொண்டு போயிற்று. ஆனாலும் போயிற்று. பத்து மணிக்கு முக்கால் தளம் முடிந்தது.

பதினொன்றுக்கு வெயில் ஏறியது. பம்பு முனகியது. குழாய் ஒருமுறை துள்ளி விழுந்தது. மறுமுனையில் கலவை நின்றுவிட்டதாகக் கைகாட்டினார்கள். பம்பைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நிறுத்திவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு குழாயைத் தட்டிக்கொண்டே நடந்தேன். காலிக் குழாய் மணி மாதிரி ஒலிக்கும். கலவை ஓடுகிற குழாய் தொம் என்று சொல்லும். அடைத்த இடம் பாறையில் அடித்த மாதிரி இருக்கும். தட்டுவதற்கு அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தென்னையடியில், நான் போட்ட இரண்டாவது வளைவு.

பூட்டைத் தளர்த்தித் திறந்தோம். வளைவுக்குள் கம்பித் துண்டுகள் குறுக்கும் நெடுக்குமாக மாட்டி, குருவிக்கூடு மாதிரி பின்னிக்கொண்டு நின்றன. அதில் முட்டிய கலவையிலிருந்து தண்ணீர் முழுக்கப் பிழிந்து போய், பின்னால் ஏழு குழாய் கல்லாய் இறுகியிருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாய்த்துச் சுத்தியலால் அடித்தோம். நீள நீள உருளைகளாக வழுக்கி வந்து மணலில் விழுந்தது. விழுந்த வேகத்தில் மூன்று நாலு துண்டாயிற்று, துண்டுகளிலும் விரிசல் விட்டது, ஆனால் உதிரவில்லை. உள்ளே கம்பி பிடித்துக்கொண்டிருந்தது.

ஜே.இ. ஓடிவந்தார். நேராகப் பெண்களிடம்தான் போனார்.

"தும் லோக் தார் ஏக் சாத் டாலா! கம்பிய மொத்தமாக் கொட்டினது நீங்கதான்! எல்லாம் போ! வேலை இல்லே, ஜாவ்!"

"இல்லீங்க தொர," என்றாள் சந்திரமதி. அவள் குரல் முதல் தடவையாகத் தணிந்திருந்தது. "சல்லடையிலதான் போட்டோம். மரியாதையாத்தான் போட்டோம்."

எட்டுப் பெண்களும் கீறின கைகளை முந்தானையில் மறைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வாய் தானாகத் திறந்தது.

"சாப், இவங்க தப்பு இல்லே. மேரா கல்தி, என் தப்பு. நேராப் போன குழாய நான்தான் வளைச்சேன். அந்த வளைவுலதான் அடைச்சிருக்கு."

"கியோன்?" ஏன் என்று கேட்டார்.

ஏன் என்று சொல்ல எனக்கு ஹிந்தி போதவில்லை. தமிழும் போதாது. "மிச்சம் ஜாஸ்தி கிடைக்கும்னு, சாப்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார். "பாகல்," என்றார். பைத்தியக்காரன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு விவரத்தைக் குறித்துக்கொள்கிற மாதிரி சொன்னார்.

வளைவுகளையும் இரண்டு குழாயையும் எடுத்துவிட்டு, வரிசையை நேராகப் பூட்டி, மறுபடி ஓட்டினோம். மூன்று மணிநேரம் போயிருந்தது. ஏழு குழாய்க் கலவையும் போயிருந்தது. அதற்கு ஈடாக எடுக்க ஸ்டோரில் சிமெண்டு இல்லை. நாலு மணிக்கு மிக்சர் காலியானபோது தளத்தின் மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் பள்ளமாக நின்றது. ஜே.இ. என்னிடம் வந்தார். கையால் குழாயைக் காட்டினார், பிறகு அந்தப் பள்ளத்தைக் காட்டினார். புரிந்தது. நார் உருண்டையை இந்தத் தடவை பம்புப் பக்கமிருந்து திணித்துத் தண்ணீர் அடித்தேன். குழாய் மிச்சம் முழுக்க, ஒரு சட்டி பாக்கியில்லாமல், ஜெட்டிக்குள் போயிற்று. மூலை சரியாக நிரம்பியது. ஜம்புலிங்கம் பலகையால் தடவி மட்டம் பார்த்தார். அழகான தளம். அதை அழகு என்று சொல்லாமல் இருக்க முடியாது.

அமுதம் ஐந்து மணிக்கு வந்தாள், ஒரு அலுமினியத் தேக்சாவைத் தூக்கிக்கொண்டு. நான் தென்னையடியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

"எங்க?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். சந்திரமதி, பிள்ளையார், இரண்டு குழாய், வளைவு. நடுவில் ஒரு இடத்தில் பழக்க தோஷத்தில் கொஞ்சம் சிரிப்பாகக்கூடச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவள் தேக்சாவைக் கீழே வைத்தாள்.

"நாலு சட்டி," என்றாள். "ஒரு புள்ளைக்கு எவ்வளவு வேணும்? நாலு சட்டி காணும். அத முதல்ல எடுத்து வச்சிட்டு மத்தவங்களுக்கு அளந்திருக்கக் கூடாதா? பெத்த புள்ளைக்குன்னு சொன்னா அவங்க என்ன அடிச்சா போடுவாங்க?"

"சொல்ல வாய் வரல."

"ஊர்ல எல்லாருக்கும் சரி சொல்ல மட்டும் வருது."

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. மணலில் கிடந்த உருளைகளைப் பார்த்தாள். மத்தியானத்திலிருந்து வெயிலில் கிடந்து நன்றாக இறுகியிருந்தன. ஒன்றைக் காலால் உருட்டினாள். குனிந்து தட்டினாள்.

"இது யாருக்கு?"

"அது கழிவு. யாருக்கும் வேண்டாம். கடல்ல தள்ளணும்."

"அப்ப எனக்கு."

பத்தடி உருளைகள் விழுந்ததில் துண்டுபட்டிருந்தன. மூன்றடி, நாலடி. இரண்டு பேர் தூக்குகிற கனம். நான் ஒரு முனையைப் பிடிக்க, அவள் மறுமுனையைப் பிடித்தாள். நூறடி நடப்பதற்குள் இரண்டு தடவை இறக்கி வைத்தோம். இரண்டாவது தடவை நிமிர்ந்தபோது பின்னால் சந்திரமதி நின்றாள். சேலையைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குண்ணே இது?"

நான் பதில் சொல்வதற்கு முன் அமுதம் தாழம்புதர்ப் பக்கம் கையைக் காட்டினாள். அவ்வளவுதான். சந்திரமதி திரும்பிப் பார்த்து, "ஏ புள்ளைகளா, வாங்க இங்க," என்றாள். குழாயடி மேடையைப் பற்றி அன்று அவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஏழு உருளைகளை நீளவாக்கில், ஒன்றை ஒன்று ஒட்டி அடுக்கினோம். பிள்ளை படுத்திருந்த இடம் முழுதும் மூடியது. கொஞ்சம் அதிகமாகவே மூடியது. அது ஒரு கல்லறை மாதிரி இல்லை. ஏதோ ஓடையைக் கடக்கப் போட்ட மரப்பாலம் மாதிரி இருந்தது. நான் சிலுவை கீற ஆணி தேடிக்கொண்டிருந்தபோது அமுதம் திடீரென்று முழங்காலிட்டு, முதல் உருளையைத் தூக்கப் பார்த்தாள்.

"என்ன அமுதம்?"

"அடிப்பக்கம் கம்பி நீட்டிக்கிட்டிருக்கு," என்றாள். "புள்ளைக்குக் குத்தும்."

மூன்றடி மண்ணுக்குக் கீழே இருக்கிற பிள்ளை. அதை அவளிடம் யார் சொல்வது? ஏழு உருளையையும் மறுபடி புரட்டினோம். உடைந்த முனைகளிலும் விரிசல்களிலும் கம்பி நுனிகள் மீசை மாதிரி நின்றன. சந்திரமதி இடுப்பிலிருந்து வெட்டுக்கருவியை எடுத்து, உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நறுக்க ஆரம்பித்தாள். கருவிக்கு எட்டாததை அமுதம் கூழாங்கல்லால் அடித்து மடக்கினாள். மடக்கிவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். குத்தினால் மறுபடி அடிப்பாள். வெளிச்சம் போகும்வரை தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கையிலிருந்து வந்த ரத்தம் சிமெண்டில் பட்டுப் பட்டுக் கறுத்தது.

மறுநாள் காலை கப்பல் வந்தது. புதுத் தளத்தில் ஈரச் சாக்குப் போர்த்தியிருந்தார்கள், பத்து நாளைக்கு யாரும் மிதிக்கக் கூடாது. அதனால் நாங்களும் வழக்கம்போல முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் படகேற வேண்டியிருந்தது. ஜம்புலிங்கம் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். "போய்ட்டு வாய்யா. பிள்ளையாருக்குத் தரையே பழகிப்போச்சு," என்றார். அவருக்கும் கண் ஒரு மாதிரிதான் இருந்தது.

தாழம்புதர் அங்கிருந்து தெரிந்தது. புதர் மட்டும்தான் தெரிந்தது. அமுதம் துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்தாள். படகு கொஞ்ச தூரம் வந்த பிறகு கேட்டாள்.

"அது எத்தன வருஷம் இருக்கும்?"

ஆயுசுக்கும் இருக்கும் என்ற பதில் என் வாயில் தயாராக நின்றது. அதைக் கேட்டால் அவளுக்கும் நிம்மதியாக இருந்திருக்குமோ என்னவோ. ஆனால் அவள் கையைப் பார்த்துவிட்டேன்.

"உப்புக் காத்து," என்றேன். "உள்ள இருக்கற கம்பி துருப்பிடிக்கும். பத்து வருஷம், பன்னண்டு வருஷம். அதுக்கு மேல பொரிஞ்சு கொட்டிரும்."

அவள் தலையை ஆட்டினாள். விரல்களைப் பார்த்து ஏதோ எண்ணினாள்.

"அது போதும்," என்றாள். "அதுக்குள்ள அவ மண்ணாயிருவா. அப்புறம் பன்னி தேடி வராது."

கப்பல் பக்கத்தில் அலை எங்களைத் தூக்கிப் போட்டது. படகுக்காரன் துடுப்பை நிறுத்திவிட்டு, ஏணியைப் பிடிக்கச் சொல்லிக் கத்தினான். துணி சுற்றிய கையால் அவளால் பிடிக்க முடியவில்லை. பின்னாலிருந்து அவளைத் தாங்கி மேலே ஏற்றினேன்.